காண்ட்ராக்ட்காரரா, வேலையாளா? சிறுதொழில் நடத்துவோருக்கு ஓர் எளிய விளக்கம்

தொழில் நடத்துகிறவர் தமக்கு வேண்டிய வேலையைப் பிறரைக் கொண்டு முடித்துக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஆளை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அல்லது வேலையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அது முடிந்ததும் பேசிய தொகையைக் கொடுக்கலாம். தண்டையார்பேட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர், கடையில் நின்று துணி எடுத்துக்காட்ட ஒருவரை அமர்த்தினால், அவர் வாங்குவது அந்த மனிதரின் நேரத்தை. காலை எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த அலமாரியை முதலில் அடுக்க வேண்டும், எப்போது சாப்பிடப் போகலாம் என்பதையெல்லாம் கடைக்காரர் சொல்வார், அவர் கேட்பார். அதே கடைக்காரர் கடையின் பெயர்ப்பலகையை மாற்ற ஒருவரைக் கூப்பிட்டால், அவர் வாங்குவது ஒரு முடிந்த பலகையை. அதைப் பகலில் செய்தாரா, இரவில் செய்தாரா, தாமே செய்தாரா, தம் ஆட்களை வைத்துச் செய்தாரா என்பதில் கடைக்காரருக்கு ஒரு வேலையும் இல்லை. முன்னவர் வேலையாள், பின்னவர் சுயேச்சை ஒப்பந்ததாரர், பேச்சு வழக்கில் காண்ட்ராக்ட்காரர்.

வேலையாள் என்றால் அவரோடு சேர்ந்து சட்டம் பல பொறுப்புகளைக் கொண்டுவருகிறது. குறைந்தபட்சக் கூலி, வருங்கால வைப்பு நிதி எனும் பி.எஃப்., தொழிலாளர் காப்பீடு எனும் ஈ.எஸ்.ஐ., போனஸ், பணிக்கொடை, விடுப்பு, வேலையை விட்டு நிறுத்துவதற்கு முன் நோட்டீஸ் என்று அவை நீளும். காண்ட்ராக்ட்காரரிடம் இவற்றில் எதுவும் இல்லை. பில்லுக்குப் பணம் கொடுத்தால் கணக்கு தீர்ந்தது. ஆகவே, வேலையாளாக நடத்தப்படுகிற ஒருவரைக் கணக்குப் புத்தகத்தில் மட்டும் காண்ட்ராக்ட்காரர் என்று எழுதிவிடும் ஆசை எல்லாத் தொழிலிலும் எழுகிறது. பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் மாடிக்கு மாடி இயங்கும் தையல் யூனிட்டுகளிலும், வியாசர்பாடி லேத் பட்டறைகளிலும், மாதவரம், மணலிப் பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகளிலும், பெரம்பூரின் ஸ்கேன் சென்டர்களிலும் “காண்ட்ராக்ட்ல போட்டுக்கலாம்” என்ற பேச்சு சாதாரணமாகக் காதில் விழும். இப்படி வேலையாளைக் காண்ட்ராக்ட்காரராகக் காட்டுவதைத் தவறான வகைப்படுத்தல் என்கிறோம். வஞ்சக எண்ணத்தோடு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அக்கம்பக்கத்து யூனிட்டில் எப்படிச் செய்கிறார்களோ அப்படியே செய்துவிட்டு, அது தவறு என்றே அறியாமல் இருப்பவர்கள்தான் அதிகம் என்பது என் கருத்து. இந்தக் கட்டுரை முதன்மையாக அவர்களுக்காக எழுதப்படுகிறது. அவர்களிடம் வேலை செய்கிறவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மனத்தில் பதிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒருவர் வேலையாளா, காண்ட்ராக்ட்காரரா என்பதை ஒப்பந்தப் பத்திரத்தின் தலைப்பு தீர்மானிப்பதில்லை. வேலை அன்றாடம் எப்படி நடக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. நூறு ரூபாய் முத்திரைத்தாளில் “நான் சுயேச்சை ஒப்பந்ததாரர், எனக்கு எந்தத் தொழிலாளர் உரிமையும் வேண்டாம்” என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருப்பவர் அந்தத் தாளைப் பெரிய அரணாக நினைக்கிறார். சட்டம் கொடுத்த பாதுகாப்பைத் தனிமனிதர் எழுதிக் கொடுத்துக் கைவிட முடியாது என்பதால், விசாரணை என்று வந்தால் அந்தத் தாள் அவருக்கு மிகக் குறைவாகவே உதவும்.

நீதிமன்றம் பார்க்கும் பார்வை

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கான அடிப்படையை இட்டவர்கள் உப்பளத் தொழிலாளர்கள். தராங்கதரா கெமிக்கல் வொர்க்ஸ் என்ற நிறுவனம் குஜராத்தின் கட்ச் ரண் பகுதியில் உப்பு எடுத்து வந்தது. அங்கே அகரியா எனப்படும் உப்பளத் தொழிலாளர்களுக்குப் பாத்தி ஒதுக்கப்படும். அவர்களுக்கு வேலை நேரம் கிடையாது. வருகைப் பதிவேடு கிடையாது. குடும்பத்தோடு வேலை செய்தார்கள். வேண்டுமானால் தம் செலவில் கூடுதல் ஆள் வைத்துக்கொள்ளவும் செய்தார்கள். எடுத்த உப்பின் எடைக்குத்தான் பணம். மேலோட்டமாகப் பார்த்தால் இவர்கள் காண்ட்ராக்ட்காரர்கள்தாம். ஆனால் 1956இல் உச்ச நீதிமன்றம் இவர்கள் தொழிலாளர்களே என்று முடிவு செய்தது. உப்பு எடுப்பதன் ஒவ்வொரு கட்டத்தையும் நிறுவனத்தின் ஆட்கள் மேற்பார்த்தார்கள், தரம் குறைந்த உப்பை நிராகரித்தார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக அகரியாக்கள் தாமே உடலுழைத்தார்கள். என்ன வேலை செய்ய வேண்டும் என்பதோடு அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரே வேலையளிப்பவர் என்ற அளவுகோல் இந்தத் தீர்ப்பில் நிலைபெற்றது.

இதற்குப் பிறகு, 1958இல், பீடித் தொழில் வழக்கு ஒன்றில் இதே நீதிமன்றம் மறுபக்கம் முடிவு சொன்னது. சட்டேதார் எனப்பட்டவர்கள் பீடிக் கம்பெனியிடம் புகையிலை வாங்கிக்கொண்டு போய், தம் இடத்தில் தம் ஆட்களை வைத்துப் பீடி சுற்றியோ, வெளியாட்களிடம் கொடுத்துச் சுற்றச் செய்தோ, முடிந்த பீடியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கே, யாரைக் கொண்டு, எப்படிச் செய்ய வேண்டும் என்று கம்பெனி அவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்கள் சுயேச்சை ஒப்பந்ததாரர்கள் என்று நீதிமன்றம் ஏற்றது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும். இரண்டிலும் பணம் அளவுக்குத்தான் கொடுக்கப்பட்டது. ஆகவே பீஸ் ரேட், அதாவது செய்த அளவுக்குக் கூலி, என்பது மட்டும் ஒருவரைக் காண்ட்ராக்ட்காரர் ஆக்கிவிடாது.

வண்ணாரப்பேட்டைத் தையல் யூனிட்டுக்காரர்கள் தவறாமல் அறிய வேண்டிய தீர்ப்பு 1973இல் வந்தது. செகந்திராபாத்தின் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் என்ற கடையில் தையற்காரர்கள் பீஸ் ரேட்டில் தைத்தார்கள். வராத நாளுக்கு அவர்கள் விடுப்பு கேட்க வேண்டியதில்லை. முழு நாளும் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வேலை இல்லையென்றால் கிளம்பிவிடலாம். சில நாள் அனுமதி வாங்கி வீட்டுக்குத் துணி எடுத்துப் போய்த் தைப்பார்கள். இத்தனை சுதந்திரம் இருந்தும் அவர்கள் வேலையாட்களே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மெஷின் கடைக்காரருடையது. துணியை வெட்டிக் கொடுக்கும்போதே எப்படித் தைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கப்பட்டது. சரியாக வராததை நிராகரித்து மீண்டும் தைக்கச் சொல்லும் உரிமை கடைக்காரரிடம் இருந்தது. கட்டுப்பாடு என்ற ஒற்றை அளவுகோல் மட்டும் போதாது, கருவி யாருடையது, வேலை நடக்கும் இடம் யாருடையது என்பவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை இந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது. இதே ஏற்பாடு அப்படியே நடக்கும் மாடிகள் வடசென்னையில் எத்தனையோ இருக்கின்றன, அவற்றின் உரிமையாளர்களில் பலர், “அவங்க இஷ்டத்துக்கு வராங்க, இஷ்டத்துக்குப் போறாங்க, அவங்க எப்படி என் ஆளாவாங்க?” என்று உண்மையிலேயே நம்பிக் கேட்கிறார்கள். அந்த வாதம் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே கேட்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது.

பின்னர் 1978இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், கோழிக்கோட்டுக் கயிறு ஆலை வழக்கொன்றில் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆலை முதலாளி, அங்கே வேலை செய்தவர்கள் ஒப்பந்ததாரர்களின் ஆட்கள் என்றார். அவர்களின் உழைப்பு யாருடைய தொழிலுக்காகச் செலவாகிறதோ, அவர்களின் பிழைப்பு யாருடைய கையில் இருக்கிறதோ அவரே உண்மையான வேலையளிப்பவர், நடுவில் நிறுத்தப்பட்ட திரையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்று அவர் எழுதினார். அண்மைக்காலத்தில், 2020இல் வந்த சுசீலாபென் காந்தி வழக்கில், எந்த ஒரு அளவுகோலும் தனித்து நின்று விடை தராது, எல்லா அம்சங்களையும் தராசில் வைத்து எது கனக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தொகுத்துச் சொன்னது. அந்த வழக்கில் ஒரு கண் மருத்துவமனையின் மருத்துவர் வேலையாள் அல்லர் என்று முடிவானது. ஆகவே நீதிமன்றம் எப்போதும் ஒரே பக்கம் சாயும் என்று எண்ண வேண்டியதில்லை.

அன்றாட வேலையில் கேட்க வேண்டிய கேள்விகள்

சட்டப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நம் இடத்தைப் பார்ப்போம். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் டிரெய்லர்களில் சிலவற்றை ஓட்டுபவர்கள் சொந்தமாக வண்டி வாங்கியவர்கள். வண்டியின் தவணை, டீசல், இன்சூரன்ஸ், டயர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இன்று ஒரு கம்பெனியின் கன்டெய்னரை ஏற்றுவார்கள், நாளை வேறொன்றுடையதை. வாடகை கட்டுப்படியாகாவிட்டால் மறுப்பார்கள். தமக்கு உடம்பு சரியில்லையென்றால் வேறு டிரைவரை அனுப்புவார்கள். நல்ல மாதத்தில் லாபமும் மோசமான மாதத்தில் நட்டமும் அவர்களுக்கே. இவர்களைச் சுயேச்சை ஒப்பந்ததாரர்கள் என்று சொல்வதில் தயக்கம் தேவையில்லை. பக்கத்திலேயே நிற்கும் இன்னொரு டிரெய்லரை ஓட்டுபவரிடம் சொந்த வண்டி இல்லை. கம்பெனி வண்டி, கம்பெனி டீசல், கம்பெனி சொல்லும் டிரிப். டிரிப்புக்கு இவ்வளவு என்று பணம் வாங்குகிறார், மாதச் சம்பளம் இல்லை. அவரைக் காண்ட்ராக்ட் டிரைவர் என்று எழுதி வைத்திருந்தாலும், அவர் பணயம் வைப்பதற்கு அவருடைய உழைப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. அவர் வேலையாள்.

எனவே கேட்க வேண்டிய கேள்விகள் இவை: வேலையை மறுத்தால் அவருக்கு என்ன ஆகும்? தமக்குப் பதில் இன்னொருவரை அனுப்ப முடியுமா? கருவியும் இடமும் யாருடையவை? வேறு வாடிக்கையாளர்கள் அவருக்கு உண்டா, அல்லது உங்களை விட்டால் அடுத்த வேளைக்கு வழியில்லையா? விலையை அவர் பேசி வாங்குகிறாரா, நீங்கள் நிர்ணயித்ததை ஏற்கிறாரா? வேலை கெட்டுப்போனால் திருத்தும் செலவு யாருக்கு? அவர் செய்வது உங்கள் தொழிலின் மையமான வேலையா, ஏதோ ஒரு முறை வந்து போகிற வேலையா? இவற்றுள் மிகக் கூர்மையானதாக நான் கருதுவது எளிய கேள்வி ஒன்றை. அவர் ஒரு நாள் வராவிட்டால், மறுநாள் “நேத்து ஏன் வரல?” என்று அதட்டிக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருப்பதாக நீங்கள் உணர்கிறீர்களா? ஏ.சி. பழுது பார்ப்பவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை. வேறு ஆளைக் கூப்பிடுவோம், அவ்வளவுதான்.

பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை செய்வதாலேயே ஒருவர் காண்ட்ராக்ட்காரர் ஆகிவிடுவார் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. நம் துறைமுகத்தின் வரலாறே இதற்குப் பதில். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியவர்கள் இன்று ஒரு ஸ்டீவடோருக்கும் (சரக்கு ஏற்றி இறக்கும் வேலையை எடுத்து நடத்துபவர்) நாளை இன்னொருவருக்கும் வேலை செய்தார்கள். கப்பல் வராத நாளில் கூலி இல்லை. இந்த நிலையைச் சீர்செய்யவே 1948இல் கப்பல்துறைத் தொழிலாளர்களுக்கான தனிச்சட்டம் வந்து, அவர்களைப் பதிவு செய்து, வேலையும் கூலியும் ஒழுங்குபடுத்தப்பட்டன. பல முதலாளிகள் இருந்தும் அவர்கள் தொழிலாளர்களாகவே நடத்தப்பட்டார்கள். 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கப்பட்ட மண் இது. வேலையாள் என்ற நிலைக்குள் அடங்கியிருக்கும் உரிமைகள் எத்தனை பேருடைய போராட்டத்தால் வந்தவை என்பதை இங்கே தொழில் செய்கிறவர்கள் எண்ணிப் பார்ப்பது தகும்.

நடுவில் ஒரு லேபர் காண்ட்ராக்டர் இருந்தால்

தனிநபரைக் காண்ட்ராக்ட்காரராகக் காட்டுவது ஒரு வகை. ஒரு மேஸ்திரியையோ ஆள் அனுப்பும் ஏஜென்சியையோ நடுவில் வைத்து ஆட்களைப் பெறுவது இன்னொரு வகை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏஜென்சி மூலம் ஆள் எடுப்பது சட்டத்துக்கு உட்பட்டதே. ஆனால் பொறுப்பு முழுவதும் ஏஜென்சியோடு போய்விடுவதில்லை. காண்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது அந்த ஆட்களைக் கொண்டு வேலை வாங்கும் நிறுவனம், கொடுத்தாக வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த 4 தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும் அது தொடர்கிறது. முன்பு 20 ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தால் பொருந்திய விதிகள் இப்போது 50 பேர் இருந்தால் பொருந்தும் என்று மாறியிருக்கின்றன. நிறுவனத்தின் மையமான வேலைக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை வைப்பதற்குச் சில விதிவிலக்குகளோடு தடை வந்திருக்கிறது. காண்ட்ராக்டர் என்று ஒருவர் பெயரளவில் மட்டும் இருந்து, வேலை வாங்குவதும் விடுப்பு கொடுப்பதும் நிறுத்துவதும் நீங்களாகவே இருந்தால், அந்த ஒப்பந்தமே போலி என்று ஒதுக்கி, அவர்கள் உங்கள் நேரடித் தொழிலாளர்கள் என்று தீர்ப்பாயம் சொல்ல முடியும். 2001இல் வந்த ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கின் தீர்ப்பு இதற்கான வழியைத் திறந்தே வைத்திருக்கிறது.

தவறினால் வரும் செலவு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு தையல் யூனிட்டில் 24 பேர் வேலை செய்கிறார்கள். பீஸ் ரேட்டில் ஒவ்வொருவருக்கும் மாதம் 15,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 பேருக்கு மேல் இருப்பதால் பி.எஃப். பொருந்தும், 10 பேருக்கு மேல் இருப்பதால் ஈ.எஸ்.ஐ.யும் பொருந்தும். முறையாகச் செய்திருந்தால் உரிமையாளர் தம் பங்காக ஒருவருக்கு மாதம் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாயும், ஈ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், அதாவது 487 ரூபாய் 50 காசும், அவற்றோடு சிறு நிர்வாகக் கட்டணமும் கட்டியிருப்பார்.

அவர் அப்படிச் செய்யாமல் எல்லோரையும் ஜாப் ஒர்க் என்று எழுதி 3 ஆண்டுகள் ஓட்டிவிட்டார். பி.எஃப். அதிகாரிகள் ஆள் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. வரவு செலவுக் கணக்கில் “லேபர் சார்ஜ்”, “ஜாப் ஒர்க் சார்ஜ்” என்ற தலைப்புகளில் பெருந்தொகை இருந்தால் அதற்கான வவுச்சர்களைக் கேட்பார்கள். ஒரே பெயர்கள் மாதந்தோறும் திரும்பத் திரும்ப வருவது அங்கே வெளிச்சமாகிவிடும். விசாரணையில் இவர்கள் வேலையாட்கள் என்று முடிவானால், உரிமையாளரின் 12 சதவீதத்தோடு தொழிலாளியின் 12 சதவீதத்தையும் உரிமையாளரே கட்ட வேண்டிய நிலை வரும். ஏனென்றால் பழைய மாதங்களுக்கான பங்கை இன்றைய கூலியிலிருந்து பிடித்துக்கொள்ள முடியாது. ஒருவருக்கு மாதம் 3,600 ரூபாய், 24 பேருக்கு 86,400 ரூபாய், 36 மாதங்களுக்கு 31,10,400 ரூபாய். ஈ.எஸ்.ஐ.யின் இரு பங்குகளும் சேர்ந்து 4 சதவீதம் என்ற கணக்கில் இன்னும் 5,18,400 ரூபாய். பி.எஃப். பாக்கிக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி உண்டு. அதற்கு மேல், 2024 ஜூனில் திருத்தப்பட்ட விதிப்படி, தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 1 சதவீத நட்டஈடும் உண்டு. 3 ஆண்டுப் பழைய பாக்கிக்கு இவ்விரண்டும் சேர்ந்தால் அசலின் முக்கால் பங்கை நெருங்கும். சிறிய யூனிட் ஒன்று இந்தச் சுமையில் பிழைப்பது கடினம்.

பணத்தைவிடக் கனமானது விபத்து. லேத் பட்டறையில் கை சிக்கிக்கொள்ளலாம், யார்டில் கன்டெய்னர் கதவு சரிந்து விழலாம், மாடியிலிருந்து தவறலாம். முறையாக ஈ.எஸ்.ஐ. கட்டியிருந்தால், சிகிச்சையையும், வேலைக்கு வர முடியாத நாட்களின் ஊதிய இழப்புக்கான தொகையையும், இறந்துவிட்டால் குடும்பத்துக்கான மாத உதவியையும் அந்தக் காப்பீட்டுக் கழகமே பார்த்துக்கொள்ளும்; உரிமையாளர் தனியாக இழப்பீடு கொடுக்க வேண்டியதில்லை. கட்டாதவருடைய நிலை வேறு. இழப்பீட்டுக்கான சட்ட அட்டவணைப்படி, 30 வயதுத் தொழிலாளி ஒருவர் வேலையில் இறந்தால், மாத ஊதியத்தின் பாதியை 207.98 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 15,000 ரூபாய் ஊதியத்துக்கு இது 15,59,850 ரூபாய். காண்ட்ராக்டரின் ஆளாக இருந்தாலும் முதன்மை வேலையளிப்பவரிடமே இதைக் கேட்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. மாதம் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக, ஒரு குடும்பத்தின் ஒரே பாதுகாப்பையும் தம் தொழிலின் பாதுகாப்பையும் ஒருசேர இழப்பதில் எந்தக் கணக்கறிவும் இல்லை. அதைவிட முக்கியமாக, நமக்காக உழைத்துக் கையை இழந்தவரிடம் “நீ என் ஆள் இல்லை” என்று சொல்ல வேண்டிய இடத்தில் எந்த முதலாளியும் நிற்கக் கூடாது.

தமிழ்நாட்டுக்கென்று தனியான ஒரு சட்டமும் இங்கே நினைவில் இருக்க வேண்டும். 1981ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கல் சட்டம் பொருந்தும் நிறுவனங்களில், 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளி ஆகிறார். காண்ட்ராக்ட்காரர் என்று எழுதப்பட்டவர் உண்மையில் தொழிலாளியே என்று ஒருமுறை முடிவாகிவிட்டால், இத்தகைய மற்ற உரிமைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அவரைத் தொடர்ந்து வரும். வருமான வரிப் பக்கத்தில், காண்ட்ராக்ட்காரருக்கு 1 சதவீதமோ, தொழில்முறை ஆலோசகருக்கு 10 சதவீதமோ பிடித்தம் செய்து கட்டிவிட்டோம் என்பது வரித்துறைக்கு மட்டுமே பதிலாகும். தொழிலாளர் சட்டத்தின் முன் அது ஒரு சான்று, முடிவு அல்ல.

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் வேலை செய்து தரும் சிறு அலுவலகங்கள் இப்போது பெரம்பூர், மாதவரம் பக்கமும் வந்துவிட்டன. அவர்களுக்காக ஒரு செய்தி. அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பல ஆண்டுகள் ஃப்ரீலான்சர்கள் என்ற பெயரில் ஆட்களை வைத்திருந்தது. அவர்கள் நிரந்தர ஊழியர்களோடு ஒன்றாக அமர்ந்து அதே வேலையைச் செய்தார்கள். சலுகைகள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். ஆனாலும் வரித்துறை அவர்களை ஊழியர்கள் என்றது. அவர்கள் தொடுத்த வழக்கு 2000இல் 9.7 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அந்த வழக்கை நம் உச்ச நீதிமன்றமே 2024 டிசம்பரில், ஜக்கோ என்ற துப்புரவுப் பணியாளர் தொடுத்த வழக்கின் தீர்ப்பில், நீண்ட காலம் தற்காலிகம் என்ற பெயரில் ஆட்களை வைத்திருப்பதைக் கண்டிக்கும்போது எடுத்துக்காட்டியது.

செயலி வழி வேலை செய்பவர்கள்

உணவும் பொருளும் கொண்டு சேர்ப்பவர்களின் நிலை இன்னும் முழுதாகத் தீராத கேள்வி. சொந்த பைக், விருப்பப்பட்ட நேரம் என்பவை ஒரு பக்கம் கனக்கின்றன. விலையைச் செயலியே நிர்ணயிப்பதும், மறுத்தால் மதிப்பீடு குறைவதும், ஐ.டி.யை முடக்கினால் பிழைப்பே நின்றுபோவதும் மறுபக்கம் கனக்கின்றன. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் ஓட்டுநர்கள் அந்த நாட்டுச் சட்டப்படி தொழிலாளர்களே என்றது. நம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வேறு வழியில் போகிறது: அவர்களை வேலையாள் என்று சொல்லாமல் தனி வகையாக வைத்து, செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை அவர்களின் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் அவர்களுக்கென நல வாரியமும் இருக்கிறது. இந்த வேலையில் இருப்பவர்கள் அதில் பதிவு செய்துகொள்வது நல்லது. செயலி எதுவும் இல்லாமல், தம் கடையின் பார்சல்களை மட்டும் கொண்டுபோய்க் கொடுக்க இரண்டு பையன்களை வைத்திருக்கும் மண்ணடி வியாபாரி இந்தத் தனி வகையைத் தமக்குச் சாதகமாகக் காட்ட முடியாது. அவர்கள் கடை ஆட்கள்.

உண்மையான காண்ட்ராக்ட்காரரை நடத்தும் முறை

காண்ட்ராக்ட்காரரோடு வேலை செய்வது தவறே அல்ல. தொழிலில் பல வேலைகள் அப்படித்தான் நடக்க வேண்டும். ஆனால் அவரைக் காண்ட்ராக்ட்காரராகவே நடத்த வேண்டும். ஒப்பந்தத்தில் முடித்துத் தர வேண்டிய பொருள், தரம், தேதி, தொகை ஆகியவை இருக்கட்டும். வேலை நேரமும் விடுப்பும் அதில் வரக் கூடாது. அவர் தம் பெயரில் பில் கொடுக்க வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு அவருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரம் சரியில்லை என்றால் அவர் தம் செலவில் திருத்தித் தர வேண்டும். வேறு ஆளைக் கொண்டு செய்து தரும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும், அது வெறும் எழுத்தாக இல்லாமல் நடைமுறையிலும் இருக்க வேண்டும். அவர் ஆட்களை அழைத்துவந்தால், அந்த ஆட்களின் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டிய ரசீதை மாதந்தோறும் வாங்கிப் பார்த்த பிறகே அவருடைய பில்லுக்குப் பணம் கொடுப்பது நல்ல பழக்கம்.

பெரும்பாலான ஒப்பந்தங்கள் எழுதும்போது சரியாகவே எழுதப்படுகின்றன, ஓடும்போதுதான் நழுவுகின்றன. கணினிப் பழுதுக்கு வந்து போனவர் நம்பிக்கையானவராக இருக்கிறார் என்று தினமும் வரச் சொல்கிறோம். பிறகு ஒரு மேசை கொடுக்கிறோம். பிறகு அடையாள அட்டை, விரல்ரேகைப் பதிவு, வாட்ஸ்அப் குழுவில் காலைக் கட்டளை. தீபாவளிக்கு எல்லோருக்கும் கொடுப்பதைப் போல அவருக்கும் போனஸ் கவர். ஒவ்வொன்றும் நல்லெண்ணத்தோடு செய்ததாக இருக்கலாம். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் அவருக்கு வேறு வாடிக்கையாளரே இல்லை. இப்படி ஆகிவிட்டால் அவரை வேலையாளாகவே ஏற்றுக்கொள்வதுதான் நேர்மையானது. ஆகவே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும், பத்திரத்தைப் படிப்பதற்கு முன் கடந்த மாதம் வேலை எப்படி நடந்தது என்று ஒருமுறை உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும்.

ஏற்கனவே தவறு நடந்திருக்கிறது என்று தெரிந்தால் மறைப்பதோ, எல்லோரையும் ஒரே நாளில் நிறுத்திவிடுவதோ வழியல்ல. நிறுத்தினால் அவர்களில் ஒருவர் தொழிலாளர் துறைக்குப் போவார். அங்கே முழுக் கணக்கும் வெளிவரும். முன்தேதியிட்டுப் புதுப் பத்திரம் எழுதுவது இன்னும் பெரிய ஆபத்து. தொழிலாளர் சட்டம் அறிந்த ஒரு வழக்கறிஞரோடும் உங்கள் ஆடிட்டரோடும் உட்கார்ந்து, யார் யார் உண்மையில் வேலையாட்கள் என்று பெயர் பெயராகப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்களுக்கு அடுத்த மாதச் சம்பளத்திலிருந்தே நியமனக் கடிதம் கொடுத்து, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ.யில் பதிவு செய்யுங்கள். பழைய பாக்கியைத் தாமாகக் கணக்கிட்டுக் கட்ட முன்வருகிறவருக்கு வட்டி அந்த அளவில் நிற்கும். தொழிலாளர்களிடமும் என்ன மாறுகிறது, கையில் வரும் தொகையில் எவ்வளவு பிடிக்கப்படும், அதற்கு ஈடாக அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை எண்ணிக்கையோடு சொல்லுங்கள். “பிடித்தம் வேண்டாம், முழுக் கூலியும் கையில் கொடுங்க அண்ணே” என்று கேட்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அவர்களிடம் ஈ.எஸ்.ஐ. அட்டையைக் கொடுத்து, அருகிலுள்ள ஈ.எஸ்.ஐ. மருந்தகம் எது, குடும்பத்தில் யார் யாரை அதில் சேர்க்கலாம் என்று சொல்லி, அன்றைக்கே அவர்களின் பெற்றோர் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் படிவத்தில் எழுதிவிடுங்கள்.